சோதனைச்சாவடியில் ஆட்டிய தலை

காயம் கட்டுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களிடம் வகுப்பு இருக்கிறது, கைபேசியில் படம் இருக்கிறது, எங்கள் காலத்தில் கண்ணாலும் காணாத வகைவகையான பிளாஸ்டர் இருக்கிறது. போன மாதம் உங்கள் டிரெஸிங் அறைக்கு வந்தபோது ஒரு பிள்ளை அதில் ஐந்தாறை எடுத்துக் காட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. நாங்கள் கோஸ் துணியை வெட்டி, மடித்து, அவித்து எடுத்துக் கட்டிய ஆட்கள்.

மார்பைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காயம் ஆறாமல் நின்ற பெண்களை எப்படிச் சமாளித்தீர்கள் சிஸ்டர் என்று அன்று நீங்கள் கேட்டீர்கள். நான் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. ஆனாலும் பாதியில் நிறுத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். நிறுத்திய இடம் எனக்குச் சொல்லக் கஷ்டமான இடம். வாயால் சொல்ல ஏலாததை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சத்திரசிகிச்சையில் காயம் பிரிந்தால் எங்கே பிரியும் என்று உங்களுக்குத் தெரியும். மேலிருந்து வரும் வெட்டும், மார்பின் கீழ் மடிப்பில் ஓடும் வெட்டும் சந்திக்கிற இடம். அங்கே தோல் இழுபட்டு நிற்கும், இரத்த ஓட்டம் குறைவு, கொழும்பு வெயிலுக்கு வியர்வை வேறு. சின்னதாக வாய் திறக்கும். பொறுமையாகக் கட்டினால் தானாக மூடிக்கொள்ளும். நான் கண்டவற்றில் அநேகம் அப்படி மூடிக்கொண்டவைதான். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரேயொருத்தியைப் பற்றித்தான் எழுதவேண்டும். அவளுடைய பெயரை மாற்றித் தேவகி என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் டிரெஸிங் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதென்றால் வழியில் பஸ்ஸை நிறுத்தி, இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் கிளறி, ஆளைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பெண்களைச் சோதிக்கச் சாக்குத் திரை கட்டிய ஒரு கூண்டு இருக்கும். உள்ளே ஒரு பொலிஸ் பெண். பெண்களே உடம்பில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு வந்த காலம் என்பதால் அந்தப் பொலிஸ் பெண்களின் கைகள் நேராக நெஞ்சுக்குத்தான் போகும். அவர்களுக்கும் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தேவகி எங்களிடம் முதல்தடவை வந்தபோது அதைத்தான் முதலில் சொன்னாள். கழுத்து நோ, தோள் நோ, மடிப்புக்குள் புண் எல்லாம் பிறகுதான் வந்தன. கொட்டாஞ்சேனையில் தட்டச்சு வகுப்பு நடத்தும் ஓர் இடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டிய வயது. மெலிந்த உடம்புக்குப் பொருந்தாத பாரம். பிரேசியர் பட்டி தோளில் விரல் வைக்கும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் தன்னைத்தான் இரண்டாம் தரம் தடவுகிறார்கள் என்றும், ஒரு நாள் ஒருத்தி மற்றவளையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள் என்றும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. மேசையில் இருந்த பேனையை நேராக்கி வைத்தாள்.

கணவர் கனடாவில். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். இவளைக் கூப்பிடும் அலுவல் நடந்துகொண்டிருந்தது. இவள் மாமியோடும் கணவரின் தம்பியோடும் இருந்தாள். கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கேட்டா வேண்டாம் எண்டுவார், சிஸ்டர். கேக்காமல் செய்தா பிறகு பழகிடுவார்" என்றாள்.

வீட்டில் மார்பில் சின்னக் கட்டி என்று சொல்லிவிட்டுத்தான் படுக்க வந்தாள். தட்டச்சு வகுப்புச் சிநேகிதி ஒருத்தி கூட நின்றாள். அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள் அவள் ஒருத்தி இல்லை. எங்களிடம் இதற்கு வந்த தமிழ்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டில் 'கட்டி' என்றுதான் சொல்லியிருந்தார்கள். கட்டி என்றால் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. வெட்டி எடுத்ததை வழக்கம்போலப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டொக்டர் சிங்களவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'நோகுதா?' என்ற ஒரு சொல். அதையும் பெரும்பாலும் நோகாத இடத்தைத் தொட்டுக்கொண்டுதான் கேட்பார். ஆனால் காயம் பார்க்கத் தெரிந்த மனுசன். கட்டை அவிழ்த்ததும் முதலில் குனிந்து மணந்து பார்ப்பார். பிறகுதான் கண்ணாடியைப் போடுவார். தேவகியின் காயத்தை மணந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பார்ப்பார். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, சீனி வருத்தம் இல்லை. ஆனால் இடதுபக்கத்துச் சந்தி ஈரமாகவே இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த விரல்போல ஓரத்துத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. எங்கேயிருந்து இவ்வளவு ஈரம் என்று எனக்கும் விளங்கவில்லை.

காயத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காயத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் கட்டுவதற்கு வரும்போதெல்லாம் முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வருவாள். பெரிய கைப்பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போவாள். பெண்பிள்ளை, ஏதோ தேவை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் கழுவும்போது காயத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய நார் ஒட்டியிருந்தது. கோஸ் நார் இல்லை. பட்டுப்போல மினுங்கியது. சாவணத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இது என்ன என்று கேட்டேன்.

"தலகாணிப் பஞ்சு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் இருக்கும்போது பழைய பெரிய பிரேசியரை எங்கள் கட்டுக்கு மேலே போட்டு, தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சை அதற்குள் அடைத்து, முந்தி இருந்த அளவுக்குக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கட்டி எடுத்தவளுக்கு இரண்டு பக்கமும் எப்படிக் குறைந்தது என்று மாமி கேட்டால் என்ன சொல்வது? அதற்குத்தான். ஒவ்வொரு கிழமையும் ஒரு பிடி பஞ்சைக் குறைத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்களின் கண் பழகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இங்கே வரும் நாட்களில் கழிப்பறையில் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு வருவாள், போகும்போது திரும்ப அடைத்துக்கொண்டு போவாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இருவரும் சிரித்தோம். அவளுடைய மாமியும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் வெங்காயம் தாளிக்கும்போதெல்லாம் மணம் பட்டுப் புண் பழுத்துவிடும் என்று இவளுடைய மூக்கில் பஞ்சை அடைத்துவிடுவாராம். மூக்கில் அடைத்த பஞ்சு காயத்தை ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சில் அடைத்ததுதான் காற்றுப் போக விடாமல் வியர்வையை வைத்து அவித்துக்கொண்டிருந்தது.

டொக்டருக்குச் சொன்னபோது அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்தப் பஞ்சு இன்றோடு நிற்கவேண்டும் என்றார். தளர்ந்த ஹவுஸ்கோட் போடு, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொள், மாமியிடம் குளிர்கிறது என்று சொல் என்று நானும் சொன்னேன். கையைத் தோளுக்கு மேலே உயர்த்தாதே, உயர்த்தினால் சந்தி பிளந்துபோகும் என்றும் எச்சரித்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். நோயாளி கெதியாக ஓம் சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு அந்த அறையை விட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை அவள் கணவரின் தம்பியோடு புறப்பட்டிருக்கிறாள். தம்பிக்கு அன்று லீவு. மாமிதான் துணைக்கு அனுப்பியிருக்கிறார். தம்பி பக்கத்தில் இருந்ததால் பஞ்சைக் கழற்றாமல் வந்திருக்கிறாள். காலையில் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்தது. அந்தத் தம்பிதான். அண்ணியைச் சோதனைச்சாவடியில் பிடித்துவைத்திருக்கிறார்கள், கிட்டப் போக விடுகிறார்கள் இல்லை, யாராவது வந்து சொல்லுங்கள் என்றான்.

டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குள். பாதி வெட்டில் நிற்கிறவரை வெளியே கூப்பிட முடியாது. போவதா விடுவதா என்று நின்று யோசித்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். என் அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான். உடுத்தியிருந்த வெள்ளை யூனிஃபோர்மோடு ஓட்டோவில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சோதனைச்சாவடியைச் சுற்றி ஒரு சனமும் இல்லை. எல்லோரையும் தூரத் தள்ளியிருந்தார்கள். ஆமிக்காரர்கள் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நடு வெயிலில் தேவகி தனியாக, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியபடி நின்றாள். இளநீலச் சட்டை. இடதுபக்கம் கீழே இறங்கிய ஈரம் கடும் சிவப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று நான் கேட்கவேயில்லை.

நடந்தது இதுதான். முந்திய தடவைகளில் மேலோட்டமாகத் தடவிவிட்டு விட்டிருக்கிறார்கள்; அன்று சோதித்த பெண்ணின் கையில் தடித்த பொதி தட்டுப்பட்டிருக்கிறது. கீழே இறுக்கிச் சுற்றிய துணி. அவள் கத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

அங்கே நின்ற அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவள் எங்கள் நோயாளி, கட்டியிருப்பது நாங்கள் கட்டிய கட்டு, நான் போய்க் கழற்றிக் காட்டுகிறேன் என்றேன். வெடிகுண்டு பார்க்கிற ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வரட்டும் என்றார். அதுவரை கையைக் கீழே விடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். காயம் பிளந்து இரத்தம் ஓடுகிறது, அவள் மயங்கி விழுந்தால் நீங்கள் பயந்துபோய்ச் சுட்டுவிடுவீர்கள் என்று சொன்னேன். அந்த வசனம் எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் என் தொப்பியையும் சப்பாத்தையும் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திரைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் திறந்தேன். பொலிஸ் பெண் வாசலில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பஞ்சைப் பிடிபிடியாக எடுத்து நிலத்தில் போட்டேன். வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. கடைசியில் எங்கள் கட்டையும் அவிழ்த்தேன். இடதுபக்கச் சந்தி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே கொழுப்புத் தெரிந்தது. தேவகி கையை இறக்கச் சொல்லியும் இறக்கத் தெரியாமல் நின்றாள். நானே பிடித்து இறக்கினேன்.

பொலிஸ் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேலே இராது. உள்ளே வந்து, காயத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன ஒப்பரேஷன் என்று கேட்டாள். கட்டி என்றேன். இரண்டு பக்கமுமா என்றாள். நான் திரைப் பக்கம் பார்த்தேன். திரைக்கு வெளியே அந்தத் தம்பி நிற்பது தெரிந்தது. அவனைக் கொண்டுவந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மார்பைச் சிறிதாக்கிக்கொண்டவள் அதைப் பெரிதாகக் காட்டப் பஞ்சு அடைத்தாள் என்று துவக்குப் பிடித்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல எந்தச் சிங்களமும் என்னிடம் இல்லை. தமிழில்கூட இல்லை.

"மிஸ், பிளிக்காத?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். புற்றுநோயா என்று கேட்கிறாள்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அவளுடைய முகம் மாறிய மாதிரியை நான் மறக்கமாட்டேன். துவக்கையும் பயத்தையும் எங்கேயோ வைத்துவிட்டு வந்தவள்போலத் தன் கைக்குட்டையை எடுத்துத் தந்தாள். தேவகியின் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டினாள். வெளியே போய், பாவம், புற்றுநோய்க்காரி என்று அதிகாரிக்குச் சத்தமாகச் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்கு எல்லாம் திறந்துவிட்டன. துவக்குகள் இறங்கின. யாரோ கதிரை கொண்டுவந்தார்கள். இன்னொருவர் சோடாப் போத்தலை உடைத்து நீட்டினார். அதிகாரி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தம்பிக்கு நல்ல சிங்களம் தெரியும். அவன் அப்படியே வீதியில் குந்திவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் அவன் முன்னால் ட்ரைவரோடு ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டே வந்தான். நானும் தேவகியும் பின்னால். இல்லையடா தம்பி, அது பொய்யடா என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் பிறகு ஏன் இரண்டு பக்கமும் என்று கேட்பான். அந்தப் பதில் என்னுடையது இல்லை, அவளுடையது. நோயாளியின் இரகசியத்தை நோயாளிதான் சொல்லவேண்டும் என்று உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். நான் தேவகியைப் பார்த்தேன். அவள் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லுங்கள் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நின்ற இளம் டொக்டர் ஒருவர் உடனே திரும்பத் தைத்துவிடலாம் என்று ஊசியும் நூலுமாக ஆயத்தமானார். எங்கள் டொக்டர் தியேட்டரிலிருந்து வந்தவர் மணந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஊறிப்போன தோல், பஞ்சும் தூசும் உள்ளே போன காயம். இன்றைக்குத் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும், நாலு நாளில் உள்ளுக்குள் சீழ் கட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்றார். கழுவி, செத்ததை வெட்டி, திறந்தபடியே விட்டுக் கட்டினோம். அடியிலிருந்து ஆறிக்கொண்டு வரட்டும். நாள் எடுக்கும், தழும்பும் அகலமாக இருக்கும். ஆனால் ஆறும். அவசரப்பட்டு மூடாதீர்கள் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். கற்றதை எங்கே பிரயோகிக்கவேண்டும் என்பதில்தான் எனக்குப் பிழைத்துப்போனது.

கட்டு மாதக்கணக்காக நீண்டது. இந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்தவற்றைத் தேவகி காயம் கட்டும்போதெல்லாம் சொல்லுவாள். பஞ்சுக்கு இனி வேலை இல்லை. புற்றுநோய்க்காரியின் மார்பு ஏன் குறைந்தது என்று கேட்கிறவர் யார்? முந்தி இவள் தேத்தண்ணீர் பிந்தினால் முணுமுணுக்கும் மாமி, இப்போது விடியவே எழும்பி மீன் சூப் வைத்துத் தந்தார். வீட்டுவேலை ஒன்றையும் தொடவிடவில்லை. கோயிலில் நேர்த்தி வைத்தார். தம்பி கறுத்துப் போனான். கனடாவிலிருந்து கணவர் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்தவர், ஒவ்வொரு நாளும் எடுத்தார். கதைக்க முடியாமல் அழுவாராம். கலியாணம் கட்டியதிலிருந்து தன் பெயரை அப்படி ஒருவர் கூப்பிட்டதில்லை என்றாள். இங்கே நல்ல வைத்தியம் இருக்கிறது, கெதியாகக் கூப்பிடுகிறேன், பயப்பிடாதே என்று வக்கீலைப் பிடித்து அலுவலை முடுக்கியிருக்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மெலிந்துகொண்டே போனாள். மாமி ஊட்டிவிடும் சூப் தொண்டைக்குள் இறங்குதில்லை என்றாள். பொய்யைத்தான் சாப்பிடுகிறேன் போலிருக்கிறது என்றாள். அதோடு கனடா அலுவலுக்கு மெடிக்கல் எடுக்கவேண்டும். அங்கே டொக்டர் கேட்டால் என்ன சொல்வது? புற்றுநோய் என்றால் விசா நிற்கலாம். இல்லையென்றால் வீட்டில் சொன்னது என்ன? ஒரு நாள் கட்டு முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்து கேட்டாள்.

"நான் என்ன செய்ய, சிஸ்டர்?"

நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காயம். மூடிவைத்தால் அழுகும், திறந்துவிட்டால் அடியிலிருந்து ஆறும். "உள்ளதைச் சொல்லு பிள்ளை. பெண்சாதிக்குக் கேன்சர் இல்லை எண்டு கேட்டுச் சந்தோசப்படாத புருசன் உலகத்தில இருக்கிறானா? ரெண்டு நாள் கோவிப்பார், பிறகு சரியாப் போகும்" என்றேன். அவள் பயந்தாள். உங்களுக்கு அவரைத் தெரியாது, சிஸ்டர் என்றாள். நான் விடவில்லை. மெடிக்கலுக்கு முன்னம் சொல்லிவிடு என்று ஒவ்வொரு தடவையும் அரித்தேன். காயம் முழுதாக ஆறட்டும், அதன் பிறகு சொல்கிறேன் என்றாள்.

தேவகி கனடாவுக்குப் போகவில்லை. இன்றைக்கும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறாள். இப்போது ஒரு கணினி வகுப்பை நடத்துகிறாள். தோள் நோ இல்லை. என்னை வழியில் கண்டால் நின்று சுகம் கேட்பாள், என் முழங்கால் நோவுக்கு எண்ணெய் சொல்லித்தருவாள். என்மேல் கோபம் இருப்பதாக ஒருநாளும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

உங்களில் யாராவது, தலையாட்டியதுதான் பிழை என்று நினைப்பீர்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த இடத்தில் இன்றைக்கு நிறுத்தினாலும் தலையாட்டுவேன். துவக்குக்கு முன்னால் நிற்கிற நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அந்த நேரத்து வேலை. நான் வருத்தப்படுவது என் அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, ஒருவரும் துவக்கை நீட்டாத நேரத்தில் சொன்ன புத்திமதிக்கு. அவசரமே இல்லாத இடத்தில் அவசரப்பட்டேன். கொட்டாஞ்சேனை வீட்டையும் தெரியாது, கனடாவில் இருந்த மனுசனையும் தெரியாது. கேட்டாலே வேண்டாம் என்பவர் என்று அவள் முதல்நாளே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். காயத்தில் கைராசி உள்ளவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். நோயாளிகள் டிரெஸிங் மேசையில் கிடந்துகொண்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கடைசி நாளைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்கிறவர்களுக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டிருப்பார்கள். வீட்டிலிருந்து எடுத்தால் மாமி கேட்பார் என்று அங்கே போனோம். நான் துணைக்குத்தான் போனேன், ஆனாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு நல்ல காரியத்தை முடித்துவைக்கிறேன் என்ற நினைப்பு. கூண்டுக்குள் அவள் கதைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. முதலில் அவள்தான் கதைத்தாள். சின்னப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல நிமிர்ந்து நின்று, நிறுத்தாமல் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டு நின்றாள். அதிக நேரம் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, வெளியே வரக் கதவைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்துக்கொண்டு நின்றாள். நான்தான் திறந்துவிட்டேன்.

சந்தோசப்பட்டாரா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீ சாகப்போறாய் எண்டுதான் இவ்வளவும் அழுதனான் எண்டார். எனக்குச் சொல்லாமல் உடம்பை வெட்டிப்போட்டு நிக்கிற பொம்பிளையோட இனி என்ன கதை எண்டு வச்சிட்டார்." வீதியைக் கடந்தோம். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிறவள்போல என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வருத்தக்காரியைக் கூப்பிட அவர் ஆயத்தமாத்தான் இருந்தவர், சிஸ்டர். சுகமா இருக்கிற என்னைத்தான் ஏலாதாம்."

அன்று காலையில்தான் அவளுடைய கடைசிக் கட்டை நான் அவிழ்த்திருந்தேன். இடதுபக்கம் முழுதாக மூடி, தோல் காய்ந்து, நன்றாக ஆறியிருந்தது. டொக்டர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று அவளுக்குச் சொல்லச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்.